25,000 ரூபாயில் அந்தமான் போகலாமா?

கேள்வி: நானும் என் தோழியும் திண்டுக்கல்லில் வேலை செய்கிறோம். இருவருக்கும் வயது 26. பிப்ரவரியில் 12 நாள் விடுப்பு கிடைக்கும். தலைக்கு 25,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறோம். முதுகில் ஒரு பையோடு அந்தமான் போய்வர ஆசை. சென்னையிலிருந்து கப்பலில் போய்க் கப்பலிலேயே திரும்பினால் நிறைய மிச்சமாகும் என்கிறார்கள். கடற்கரையில் கூடாரம் போட்டுத் தங்கினால் அறை வாடகையும் மிச்சம். ஹேவ்லாக், நீல், பாராடாங், டிக்லிப்பூர், லிட்டில் அந்தமான் ஐந்தையும் பார்த்துவிட முடியுமா? போகிற வழியில் ஜாரவா பழங்குடியினரையும் பார்க்கலாம் என்று ஒருவர் சொன்னார். எங்களுக்குக் கிணற்று நீச்சல் நன்றாகத் தெரியும். அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை.

பதில்:

அன்புள்ள திண்டுக்கல் வாசகிக்கு,

உங்கள் பணம் ஏறக்குறையப் போதும். நாள்தான் போதாது. பணத்தை ரூபாய் ரூபாயாக எண்ணியிருக்கிறீர்கள், நாட்களை எண்ணவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தீவுகளுக்கு ஆட்களை அனுப்பிக்கொண்டிருக்கிறேன். சிக்கனமாகப் போகிறவர்கள் பணத்தைக் கோட்டை விடுவது அறை வாடகையில் இல்லை, படகுத்துறையில்தான். ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் டிக்கெட், ஆட்டோ, காத்திருப்பு, அவசரச் சாப்பாடு என்று கை கரையும். பாதி நாளும் போய்விடும்.

முதலில் கப்பல். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கடல்வழி கிட்டத்தட்ட 1,200 கிலோமீட்டர். ஏறினால் மூன்று நாள், கரையில் இடம் கிடைக்காமல் வெளியே நங்கூரமிட்டு நின்றால் அதற்கு மேலும் ஆகும். போக மூன்று, வர மூன்று என்று ஆறு நாள் கடலிலேயே கழிந்தால் கையில் மிஞ்சுவது ஆறு. அது மட்டுமில்லை. கப்பல் தினமும் கிடையாது, மாதத்துக்குச் சில தடவைதான். புறப்படும் தேதி வெகு முன்னதாகத் தெரியாது, தெரிந்த தேதியும் தள்ளிப்போகும். விடுப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறவர்களுக்கு இது ஒத்துவராது. பங்க் வகுப்பு டிக்கெட் விமானக் கட்டணத்தில் பாதிதான் இருக்கும். ஆனால் அந்த மிச்சத்தை உங்கள் ஆறு நாள் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கப்பலை மட்டம் தட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். என் முதல் அந்தமான் பயணமே கப்பலில்தான். பங்க் என்றால் கீழ்த்தளத்தில் வரிசை வரிசையாக இரண்டடுக்குப் படுக்கைகள், டீசல் நெடி, இரவெல்லாம் முதுகுக்குக் கீழே இயந்திரத்தின் அதிர்வு. எனக்கு மேல் படுக்கையில் இருந்தவர் போர்ட் பிளேரிலேயே குடியேறிவிட்ட ராமநாதபுரத்துக்காரர். ஊருக்கு வந்துவிட்டுத் திரும்புகிறார். ஈரத்துணி சுற்றிய மூன்று மல்லிகைக் கன்றுகளைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, வேளாவேளைக்குத் தன் குடிநீரில் கொஞ்சம் தெளிப்பார். முதல் நாள் பாதிப் பேர் வாந்தி எடுத்தார்கள், நானும் எடுத்தேன். இரண்டாம் நாள் மேல்தளத்தில் நின்றபோது பறக்கும் மீன்கள் கூட்டமாக எழும்பி, மறுபடி நீரில் விழுந்தன. கரை தெரிந்தபோது மணலே கண்ணில் படவில்லை, காடு நேராகக் கடலுக்குள் இறங்கி நின்றது. ஒரு மாதம் விடுப்புக் கிடைக்கும் காலம் வந்தால் கட்டாயம் கப்பலில் போங்கள். இந்த முறை வேண்டாம்.

விமானம் சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். இரண்டு மாதம் முன்னால், வாரநாளாகப் பார்த்து எடுத்தால் போகவர 12,000 ரூபாய்க்குள் முடிக்கலாம். கடைசி வாரத்தில் எடுத்தால் ஒருவழிக்கே அதைக் கேட்பார்கள். ஒரு விஷயம்: 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள். 2018 இறுதியிலேயே ஹேவ்லாக் ஸ்வராஜ் தீப் ஆகிவிட்டது, நீல் ஷஹீத் தீப் ஆகிவிட்டது. டிக்கெட்டில் புதுப் பெயர் இருக்கும், ஆட்டோக்காரர் வாயில் பழைய பெயர் இருக்கும். நானும் பழக்கத்தில் பழைய பெயரையே எழுதுகிறேன்.

அடுத்தது கூடாரம். கடற்கரையிலும் காட்டிலும் அனுமதியில்லாமல் கூடாரம் போடக்கூடாது, எழுப்பி அனுப்பிவிடுவார்கள். சட்டத்தை விடுங்கள். அந்தமான் நீரில் உப்புநீர் முதலை உண்டு. அலையாத்திக் காடும் ஓடைவாயும் அதன் இடம், கடலிலும் நீந்தும். 2010-இல் ஹேவ்லாக்கிலேயே, ராதாநகர் கடற்கரையை ஒட்டிய ஒரு சிறு குடாவில், பவளப்பாறை பார்க்க இறங்கிய அமெரிக்கப் பெண் ஒருவர் முதலையால் இறந்தார். பெரும்பாலான பயணிகள் முதலையின் வாலைக்கூடப் பார்க்காமல்தான் திரும்புகிறார்கள், அதனால் பயந்து சாக வேண்டாம். எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் முழங்கால் அளவுகூட இறங்காமல், ஓடை கடலில் சேரும் இடத்தில் இரவில் படுக்காமல் இருந்தால் போதும். முதலை வராத கடற்கரையிலும் மணல் ஈ வரும். கடித்தது தெரியாது, மறுநாள் கால் முழுக்கச் சிவந்து தடித்து அரிக்கும், சொறிந்தால் புண்ணாகிவிடும். மாலையில் மணலில் உட்காரும் முன் தேங்காய் எண்ணெயைக் கெட்டியாகப் பூசிக்கொள்வது என் வழக்கம். வெறும் மணலில் படுப்பவர்கள் ஓர் இரவோடு கூடார ஆசையை விட்டுவிடுவார்கள்.

அறைக்குப் பயப்படாதீர்கள். நீலிலும் ஹேவ்லாக்கிலும் தென்னந்தோப்புக்குள் மூங்கில் குடில்கள் உண்டு. மின்விசிறி, கொசுவலை, குளியலறையோடு இருவருக்கு 1,000 ரூபாய் வாக்கில் கிடைக்கும். பிப்ரவரியில் சற்று ஏறும். முதல் இரவுக்கு மட்டும் முன்பதிவு செய்துவிட்டு, மற்ற இரவுகளை நேரில் பேசிக்கொள்ளுங்கள். நான்கு நாள் தங்குகிறோம் என்று சொல்லிப் பேசினால் வாடகை இறங்கும். ஒரு நாளுக்கு ஒரு தீவு என்று ஓடுகிறவர்களுக்கு அந்தத் தள்ளுபடி கிடைக்காது.

இப்போது உங்கள் ஐந்து இடங்கள். டிக்லிப்பூர் போர்ட் பிளேரிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல், பஸ்ஸில் ஒரு முழுப் பகல். லிட்டில் அந்தமான் கப்பலில் ஏழெட்டு மணி நேரம், திரும்பும் கப்பல் நாம் நினைத்த நாளில் இருக்குமென்று சொல்ல முடியாது. இரண்டையும் அடித்துவிடுங்கள்.

பாராடாங்கையும் அடித்துவிடச் சொல்கிறேன். அதற்குக் காரணம் தூரம் இல்லை. அங்கே போகும் சாலை ஜாரவா மக்களின் காப்புக்காட்டுக்குள் போகிறது. ஜிர்க்காடாங்கில் வண்டிகளை நிறுத்தி, கூட்டமாகச் சேர்த்து, காவலோடு அனுப்புகிறார்கள். நிற்கக்கூடாது, இறங்கக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, எதையும் கொடுக்கக்கூடாது. மீறினால் சிறைவரை போகும். அந்தச் சாலையை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002-இலேயே உத்தரவிட்டது, வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. ஜாரவா மக்கள் சில நூறு பேர்தான். வெளியாரோடு பழகத் தொடங்கிய ஓரிரு ஆண்டுகளுக்குள், 1999-இல், அவர்களிடையே தட்டம்மை பரவியது. நமக்கு இரண்டு நாள் காய்ச்சலாகப் போவது அவர்களில் ஒரு குடும்பத்தையே அழித்துவிடலாம். ‘வழியில் பார்க்கலாம்’ என்று உங்களிடம் சொன்னவர், தன் வீட்டு வாசலில் பஸ்ஸை நிறுத்தி அந்நியர்கள் எட்டிப் பார்த்தால் என்ன செய்வார் என்று கேளுங்கள். சுண்ணாம்புக் குகையும் சேற்று எரிமலையும் பாராடாங்கில் இருப்பது உண்மைதான். சேற்று எரிமலை என்பது குமிழி விடும் ஒரு சேற்று மேடு, அவ்வளவுதான். அதற்காக விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து அந்தச் சாலையில் போக நான் யாருக்கும் டிக்கெட் போட்டுக் கொடுப்பதில்லை.

ஆக, மிஞ்சுவது போர்ட் பிளேர், நீல், ஹேவ்லாக். நீலில் நான்கு இரவு, ஹேவ்லாக்கில் மூன்று, போர்ட் பிளேரில் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் இரண்டு. பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்து, நீலை ஒரு பகலில் முடித்துவிடுவார்கள். நீல் பதினான்கு சதுர கிலோமீட்டர்கூட இல்லை. கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள் குடியேறிய ஊர், தீவுகளுக்கே காய்கறி விளைவிக்கும் ஊர். பரத்பூர், லட்சுமண்பூர், சீதாபூர், ராம்நகர் என்று ஊர்ப்பெயரில் பாதி ராமாயணம் இருக்கிறது. ஒரு சைக்கிள் எடுத்துக்கொண்டால் ஸ்கூட்டர் வாடகை மிச்சம், தீவு முழுக்கச் சுற்றிவிடலாம்.

நீலில் ஒரு நாள் தங்கினால் தீவு பிடிபடாது. அங்கே எல்லாமே கடலின் ஏற்ற வற்றத்தைப் பொறுத்தது. சென்னைக் கடற்கரையில் நீர் ஏறுவதும் வற்றுவதும் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. இங்கே வற்றினால் கடல் நெடுந்தூரம் உள்ளே போய்விடும், அதுவரை நீருக்குள் இருந்த பாறைத் தரை வெளியே வரும். லட்சுமண்பூரில் ஓர் இயற்கைப் பாறை வளைவு இருக்கிறது. ஊர்க்காரர்கள் அதை ஹவுரா பாலம் என்பார்கள், வங்காளிகள் வேறென்ன பெயர் வைப்பார்கள்! நீர் வற்றிய நேரத்தில்தான் அதன் அடிவரை போக முடியும். போகிற வழியெல்லாம் பாறைக் குழிகளில் நீர் தேங்கியிருக்கும். ஒரு குழி அருகே குந்தி, நிழல் விழாமல் ஐந்து நிமிடம் அசையாமல் இருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு, கல் என்று நினைத்தது கடலட்டையாக நகரும். நீலமும் பச்சையுமாக அலையலையாக ஓரம் வைத்த சிப்பி ஒன்று மெல்ல வாய் திறக்கும், உங்கள் கை நிழல் பட்டதும் மூடிக்கொள்ளும். காலை எட்டு மணிக்குப் போன சுற்றுலா வேன்காரர்கள் நீர் ஏறியிருந்தால் தூரத்தில் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நான்கு நாள் இருக்கிறவர்கள் நேரம் பார்த்துப் போகலாம். வற்றும் நேரம் எது என்று தங்கும் இடத்தில் கேட்டாலே சொல்லுவார்கள். பழைய ரப்பர் செருப்பு ஒன்று அவசியம், பாறை பிளேடு மாதிரி அறுக்கும்.

ஹேவ்லாக்கில் கடற்கரைகளுக்கு எண்தான் பெயர். ஏழாம் எண் ராதாநகர், படகுத்துறையிலிருந்து பஸ் உண்டு. மூன்றாம் எண் கடைத்தெருவில் மீன் சாப்பாடு விடுதிக் கட்டணத்தில் பாதிதான். இங்கே நீங்கள் செலவழிக்கலாம் என்று நான் சொல்வது ஒன்றே ஒன்று, ஸ்கூபா, அதாவது முதுகில் காற்று உருளையோடு கடலுக்குள் மூழ்கிப் பார்ப்பது. முதல்முறை இறங்குகிறவர்களுக்கு நான்காயிரம் ரூபாய்க்கு முன்பின் ஆகும். பயிற்றுநரின் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள், காட்டத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். இறங்கிய பிறகு குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது. ஆழத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும், அதனால் இதைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். தலையில் கண்ணாடிக் கூண்டு மாட்டிக் கடலடியில் நடக்க வைக்கும் வியாபாரமும் உண்டு. அந்தப் பணத்துக்கு நல்ல முகக்கண்ணாடியும் மூச்சுக்குழலும் வாங்கினால் பயணம் முழுக்கப் பயன்படும்.

கிணற்று நீச்சலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். திண்டுக்கல் கிணற்றில் குதித்து வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் பயம் இருக்காது, அதுதான் எனக்குக் கவலை. கிணற்றில் நான்கு பக்கமும் சுவர் உண்டு, இழுக்கும் நீரோட்டம் கிடையாது. கரையிலிருந்து இழுத்துக்கொண்டு போனால் எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்திலிருந்து வெளியே வாருங்கள். முகக்கண்ணாடியும் மூச்சுக்குழலும் மாட்டி நீரின் மேல் மிதந்து பார்க்கும் ஸ்நார்க்கலிங் போகும்போது மிதவை அங்கியைக் கழற்றாதீர்கள். பவளத்தின் மேல் கால் வைக்காதீர்கள், அது உயிர்.

படகைப் பற்றி. அரசுப் படகுக்குச் சில நூறு ரூபாய், தனியார் படகுக்கு ஆயிரத்துக்கு மேல். தனியாரில் குளிர்சாதனமும் வேகமும் உண்டு, பெரும்பாலும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழ முடியாது. அரசுப் படகில் மேல்தளத்தில் நின்று காற்று வாங்கலாம். அரசு டிக்கெட்டுக்கு முன்கூட்டியே முயன்று பாருங்கள். கிடைக்காவிட்டால் அடையாள அட்டையும் சில்லறைப் பணமுமாக ஃபீனிக்ஸ் பே படகுத்துறைக்குக் கவுன்டர் திறக்கும் முன்பே போய் வரிசையில் நில்லுங்கள். வரிசையில் பாதிப் பேர் தமிழ் பேசுவார்கள், அவர்களிடம் கேட்டாலே எந்தப் படகு, எந்தக் கவுன்டர் என்று தெரிந்துவிடும்.

இனிக் கணக்கு. தலைக்கு விமானம் 12,000. திண்டுக்கல் சென்னை ரயில் போகவர 600. பத்து இரவுக்கு அறைப் பங்கு 5,000. சாப்பாடு 4,400. மூன்று படகுப் பயணம் 1,500. சைக்கிள், பஸ், ஆட்டோ, நுழைவுச்சீட்டு 1,500. கூட்டினால் சரியாக 25,000. விலைகள் முன்பின் இருக்கும், ஆனால் ஓர் இளநீருக்குக்கூட இதில் இடமில்லை என்பதைக் கவனியுங்கள். ஸ்கூபா வேண்டுமென்றால் ஆளுக்கு நான்காயிரம் கூடச் சேருங்கள். அது இல்லாவிட்டாலும் தொடாத பணமாக 4,000 கையில் இருக்கட்டும். பிப்ரவரியில் பொதுவாகக் கடல் அமைதியாகத்தான் இருக்கும். என்றாலும் படகு நிற்கக் காற்று வேண்டியதில்லை, இயந்திரம் பழுதானாலே போதும். 2016 டிசம்பரில் புயல் வந்தபோது ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் மாட்டிக்கொண்டார்கள், கடற்படைக் கப்பல்கள் போய் மீட்டன. நான் மாட்டியது அத்தனை பெரிய விஷயமில்லை. விமானத்துக்கு முந்தைய நாள் மாலைப் படகு ரத்தானது, மறுநாள் காலை விமானம் போய்விட்டது. விமான நிறுவனம் ஒரு பைசா திருப்பித் தரவில்லை. அன்றிலிருந்து கடைசி இரண்டு இரவு போர்ட் பிளேரில்தான் என்பதை யாருக்காகவும் நான் தளர்த்துவதில்லை. அந்த இரண்டு நாளும் வீணாகாது. செல்லுலார் சிறையில் ஏழு கட்டடச் சிறகுகளில் மூன்றுதான் இன்று நிற்கின்றன, காலையிலேயே போய்விடுங்கள். 1883-இல் தொடங்கிய சாத்தம் மர ஆலைக்கு டவுன் பஸ் போகும். அபர்தீன் பஜாரில் இட்லி கிடைக்கும்.

அம்மாவுக்கு என்ன சொல்வது? சென்னையிலிருந்து 2020-இல் கடலடிக் கேபிள் போட்ட பிறகு தொலைபேசித் தொடர்பு எவ்வளவோ மேல். தினமும் பேசலாம் என்று சொல்லுங்கள், சிறு தீவுகளில் சில நேரம் சிக்னல் போகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெண்கள் இருவராகப் போய்வர அந்தமான் நல்ல இடம் என்பது என் அனுபவம். கவனிக்க வேண்டியது சூரியனைத்தான். தீவுகள் நமக்குக் கிழக்கே வெகுதூரத்தில் இருந்தாலும் கடிகாரம் ஒன்றேதான். பிப்ரவரியில் மாலை ஐந்தரைக்குள் சூரியன் மறைந்து, ஆறு மணிக்கு இருட்டிவிடும். ஊர் ஞாபகத்தில் ஆறு மணிதானே என்று கடற்கரையில் உட்கார்ந்திருந்தால், திரும்பும் பஸ் போயிருக்கும், பாதையில் விளக்கும் இருக்காது. தலையில் மாட்டும் விளக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். உள்பக்கம் உறுதியான தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்த்த பிறகே குடிலுக்கு முன்பணம் கொடுங்கள்.

பையில் கடைசி நாள் சங்கோ பவளத் துண்டோ போட்டுக்கொள்ள வேண்டாம். மணலில் கிடந்தது என்று சொன்னாலும் விமான நிலைய ஸ்கேனரில் பிடித்து எடுத்துவிடுவார்கள், வனவிலங்குச் சட்டப்படி வழக்கும் வரலாம்.

விமான டிக்கெட் எடுக்கும் முன் வீட்டு நாள்காட்டியில் பிப்ரவரியின் அமாவாசையும் பௌர்ணமியும் எந்தத் தேதி என்று பாருங்கள். கடல் மிக அதிகமாக வற்றுவது அந்த நாட்களை ஒட்டித்தான். நீலில் தங்கும் நான்கு நாளும் அவற்றில் ஒன்றைத் தொட்டுக்கொண்டு வரும்படி விடுப்புத் தேதியை எழுதிக் கொடுங்கள்.